நுண்கலைப் பட்டம்: போட்ட காசு திரும்புமா?

திருநகர் தகப்பன்

மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசுப் பள்ளி, காமர்ஸ் குரூப், மதிப்பெண் மோசமில்லை. பி.காம். சேர்த்துவிடலாம் என்று நாங்கள் இருந்தபோது, நுண்கலைதான் படிப்பேன் என்று நிற்கிறாள். நன்றாகவே வரைவாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சென்னைப் பக்கம் ஒரு தனியார் டிசைன் கல்லூரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை போன் வருகிறது. நான்கு வருடத்துக்குக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 14 லட்சமாம், பேங்க் லோனையும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். எனக்கு மதுரை பழங்காநத்தத்தில் சின்ன எலக்ட்ரிக்கல் கடை. சொந்த வீடு இருக்கிறது, அதைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. இளையவன் ஒன்பதாவது.

பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்காதீர்கள் என்ற பதில் தயவுசெய்து வேண்டாம். அதை என் மைத்துனர் தினமும் சொல்கிறார், பணம் கட்டப்போவது அவர் இல்லை. இந்தப் படிப்பில் போட்ட காசு திரும்புமா, எத்தனை வருடத்தில், எந்த வேலையில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாசி வீதி பிரிண்ட்

அண்ணே, நான் ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் போடுகிறேன். என்னிடம் டிசைனிங் பார்க்கிற மூன்று பேரில் ஒருவர்கூட நுண்கலை படித்ததில்லை. கோரல் டிராவும் போட்டோஷாப்பும் கொஞ்ச நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் கை வந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு 12,000 கொடுக்கிறேன், கை வேகமாக இருந்தால் 18,000 வரை போகும். பட்டம் வைத்திருக்கிறார் என்பதற்காக நான் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கமாட்டேன், சிவகாசியில் காலண்டர், லேபிள் போடுகிறவர்களும் கொடுக்கமாட்டார்கள். 14 லட்சம் இருந்தால் நீங்களே ஒரு மிஷின் இறக்கிவிடலாம்.

சும்மா ஒரு ஆள்

கலை சோறு போடுமா? போடும், ஆனால் குழம்பு நீங்கள் ஊற்ற வேண்டும்.

ஓய்வு மேனேஜர்

வங்கியில் கல்விக் கடன் பார்த்தவன் என்ற முறையில் எண்களை மட்டும் சொல்கிறேன்.

14 லட்சத்தை மொத்தமாகத் தரமாட்டார்கள், வருடத்துக்கு மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், அதை மட்டும் கேட்டுவிட்டு எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். வட்டி நிற்காது சார். 10 சதவீதம் என்றால் அந்த ஐந்து வருடத்தில் சாதாரண வட்டியே ஏறக்குறைய 5 லட்சம் ஏறிவிடும். ஆக, தவணை தொடங்கும்போது நிற்பது 19 லட்சம். பத்து வருடத்தில் கட்டி முடிக்க மாதம் 25,000 ரூபாய். பதினைந்து வருடம் என்று நீட்டினால் 20,000 சொச்சம், ஆனால் மொத்தமாகக் கட்டுவது இன்னும் கூடும். மேலே ஒருவர் வேகமான கைக்கு 18,000 என்கிறார். அதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள். உங்கள் விஷயத்தில் அது வீட்டுப் பத்திரம்தான். வட்டி மானியத் திட்டங்களுக்குக் குடும்ப வருமான வரம்பும் உண்டு, எந்தக் கல்லூரி என்ற நிபந்தனையும் உண்டு. உங்கள் கல்லூரி அதில் வருமா என்று அந்த போன் போடுகிறவரிடம் எழுத்தில் கேளுங்கள், அதற்குப் பிறகு போன் குறையும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் கழிவு கிடைக்கும் என்றும் சொல்லியிருப்பார்கள். அது பழைய வரிமுறையில் இருப்பவருக்கு, அதுவும் வரி கட்டும் அளவுக்கு வருமானம் வந்தால்.

வைகைப்பாலம்

மனோகர் தேவதாஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே மதுரையை மையில் வரைந்தவர். கண் பார்வை போய்க்கொண்டிருந்தபோதும் வரைந்தார். 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பி.காம். படிக்கட்டும், சாயங்காலம் வரையட்டும். எதற்குக் கடன்?

கரிக்கோல்

திருநகர் அண்ணே, நான் உசிலம்பட்டிப் பக்கம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில், அதாவது நுண்கலைக் கல்லூரியில், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு படித்தேன், அங்கே எல்லோரும் விஸ்காம் டிசைன் என்போம். இப்போது பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆப் திரைகளை வடிவமைக்கிற வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், மேலே எல்லோரும் 14 லட்சத்தை வைத்தே பேசுகிறார்கள். அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். எழும்பூரில் இருக்கிற அந்தக் கல்லூரியிலும் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியிலும் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். மாமல்லபுரத்தில் மரபுச் சிற்பமும் மரபு ஓவியமும் சொல்லிக்கொடுக்கிற அரசுக் கல்லூரி தனியாக இருக்கிறது. மூன்றுமே இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போக வேண்டும், இடங்கள் கொஞ்சம். தனியார் கல்லூரி போன் போட்டு ஆள் தேடுகிறது, இவர்கள் தேடமாட்டார்கள், அதனால் இப்படி ஒரு கல்லூரி இருப்பதே நம் ஊரில் பல பேருக்குத் தெரியாது.

அப்படியென்றால் உண்மையான செலவு என்ன? ஊர் விட்டு ஊர் போய்த் தங்கிச் சாப்பிடுவது, பொருள் வாங்குவது, நான்கு வருடம். பி.காம். என்றால் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் மூன்று வருடம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் ஒரு வருடச் சம்பளம், அப்புறம் விடுதிச் செலவு. தொடக்கச் சம்பளம் 12,000 என்றால் ஒரு வருடத்துக்கு 1,44,000. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 7,000 என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு 3,36,000. ஆக 4,80,000, பொருள் செலவு தனி. கார்ட்ரிட்ஜ் பேப்பர், அக்ரிலிக், கேன்வாஸ் என்று முதல் இரண்டு வருடம் சில்லறையாகப் போகும், மூன்றாம் வருடம் ஒரு லேப்டாப் வேண்டும், அது ஒரே அடி. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், அது பி.காமுக்கும் வரும் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை, கலர் வாங்க ஆகும். எப்படிப் பார்த்தாலும் ஐந்து, ஐந்தரை லட்சம். கடன் இல்லாமல், மாதா மாதம் கடையிலிருந்து அனுப்பக்கூடிய தொகை. நீங்கள் யோசிக்க வேண்டியது இந்த ஐந்து லட்சம் திரும்புமா என்பதை.

திரும்பும், ஆனால் எந்தத் துறை என்பதைப் பொறுத்து. சென்னையில் வண்ணக்கலை (ஓவியம்), சிற்பம், பதிப்போவியம் (அச்செடுத்துப் போடும் படம்), சுடுமண் (பீங்கான், களிமண் வேலை), துகிலியல் (துணி டிசைன்), நான் படித்த விஸ்காம் என்று இருக்கின்றன. விஸ்காம், துகிலியல் இரண்டும் கம்பெனி வேலைக்கு நேராகப் போகும். என்னோடு படித்தவர்கள் விளம்பரக் கம்பெனி, அனிமேஷன், சினிமாவில் கலை இயக்குநரின் உதவியாளர் என்று போனார்கள். சினிமாவுக்குப் போனவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள், வேலை இருக்கிற மாதம் இருக்கும், இல்லாத மாதம் இல்லை. வண்ணக்கலை படித்து, படம் விற்றே சாப்பிடுகிறவரை விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்கள் பள்ளிக்கூடம், சுவர் ஓவியம், உருவப்பட ஆர்டர், ஓவிய வகுப்பு என்று கலந்து ஓட்டுகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏ.ஐ. வந்த பிறகு புத்தக அட்டை, சின்னச் சின்ன விளக்கப்படம் போட்டுப் பிழைத்தவர்களுக்கு அடி விழுந்திருக்கிறது. எங்கள் பக்கமும் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன்.

பட்டத்தால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது, ஃப்ளெக்ஸ் கடை அண்ணன் கண்ணுக்கு அது தெரியாது, தப்பில்லை, அவர் கடைக்கு அது தேவையில்லை. இது ஒரு முழுப் பட்டம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கித் தேர்வு, எந்தப் பட்டமும் போதும் என்கிற எதற்கும் போகலாம். சீட் (CEED) என்கிற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் டிசைன் முதுகலைக்குப் போகலாம், நான் அப்படித்தான் போனேன், என் சம்பளம் மாறியது அங்கேதான். எம்.எஃப்.ஏ. என்கிற நுண்கலை முதுகலை முடித்து, நெட் என்கிற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் காட்சிக்கலை பாடம் எழுதித் தேறினால் உதவிப் பேராசிரியர் வேலைக்குத் தகுதி, ஏழாவது ஊதியக் குழுவின்படி அதற்கு அடிப்படை 57,700. இடம் காலியாவது அபூர்வம், ஆனால் வாசல் இருக்கிறது. கோரல் டிரா மட்டும் தெரிந்தவருக்கு இந்த வாசல் எதுவும் இல்லை.

வைகைப்பாலம் சொன்ன மனோகர் தேவதாஸ் உண்மை. ட்ராட்ஸ்கி மருதுவும் மதுரைக்காரர்தான், அவர் அதே எழும்பூர் கல்லூரியில் படித்து, கம்ப்யூட்டரில் வரைவதைத் தமிழ் சினிமாவுக்கு ஆரம்பத்திலேயே கொண்டுவந்தவர்களில் ஒருவர். இருவரையும் ஒதுக்கி வையுங்கள். அவ்வளவு பெரிய ஆட்களை வைத்து வீட்டுக் கணக்குப் போட முடியாது.

மாசி வீதி பிரிண்ட்

தம்பி கரிக்கோல், நீங்கள் ஐ.ஐ.டி. போனதால் சம்பளம் மாறியது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அது நுண்கலைப் பட்டத்தின் வருமானமா, ஐ.ஐ.டி.யின் வருமானமா?

கரிக்கோல்

நியாயமான கேள்வி அண்ணே. நான்கு வருடம் தினமும் வரைந்திராவிட்டால் அந்தத் தேர்வில் என் கை ஓடியிருக்காது. ஆனால் பட்டத்தோடு நின்றிருந்தால் இந்த வருமானம் இல்லை என்பதும் நிஜம். என்னோடு விஸ்காம் முடித்து நேராக வேலைக்குப் போனவர்கள் 15,000, 18,000 என்றுதான் தொடங்கினார்கள். மூன்று, நான்கு வருடத்துக்குப் பிறகுதான் உங்கள் கடைப் பையனுக்கும் அவர்களுக்கும் இடைவெளி விழுந்தது.

டிராயிங் டீச்சர்

பள்ளிக்கூட வேலை என்று கரிக்கோல் ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டார். பெண் பிள்ளை என்றதும் எல்லோரும் சொல்வது இதைத்தான், டீச்சர் ஆகிவிடலாம் என்று. அதனால் கொஞ்சம் விரிவாக.

2012ல் அரசுப் பள்ளிகளில் பகுதி நேரச் சிறப்பாசிரியர்களாக 16,549 பேரை எடுத்தார்கள். ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி எல்லாம் சேர்த்து. நானும் அதில் ஒருத்தி. மாதம் 5,000 ரூபாயில் ஆரம்பித்தது, படிப்படியாக ஏறி 10,000 ஆகி, 12,500 ஆனது. மே மாதம் சம்பளம் கிடையாது என்றுதான் வெகு காலம் இருந்தது. வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை என்பார்கள், வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும். நிரந்தரம் கேட்டு நாங்கள் சென்னைக்கும் ஊருக்குமாக அலைந்த கதை தனி இழையாக வேண்டும். நிரந்தரச் சிறப்பாசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017ல் தேர்வு வைத்தது. அப்படி அறிவிப்பு அடிக்கடி வராது, வருகிற வருடத்தில் தகுதியோடு தயாராக இருக்கிறவருக்குத்தான் பயன்.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஓவிய ஆசிரியர் ஆவதற்கு நுண்கலைப் பட்டம் மட்டும் இருந்தால் வேலைக்கு ஆகாமல் போகலாம். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் தேறி, டி.டி.சி. என்கிற தொழில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் கேட்டிருக்கிறார்கள். இதற்கு ஆகிற செலவு மிகக் குறைவு. பட்டம் படிக்கும்போதே பக்கத்தில் முடித்துவிடலாம். இதைத் தெரியாமல் எம்.எஃப்.ஏ. வரை படித்துவிட்டுப் பிறகு லோயர் கிரேடு எழுத வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளில் ஓவிய ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 44,900, அங்கே நுண்கலைப் பட்டம் எடுபடும். போட்டி நாடு முழுவதும், ஹிந்தி பேசும் ஊரில் போடலாம், அதற்கும் வீட்டில் சம்மதம் இருக்க வேண்டும்.

மதுரையில் தனியார் பள்ளிகள் கொடுப்பதைப் பற்றி எழுதினால் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். சாயங்காலம் வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தால் அதைவிடக் கூட வரும்.

விளாச்சேரி

நாங்கள் பொம்மை செய்கிற குடும்பம். கொலு, விநாயகர் சதுர்த்தி, கிறிஸ்துமஸ் குடில், இந்த மூன்றுதான் எங்கள் வருமானம், மற்ற மாதம் அச்சு தயார் பண்ணுவோம், கடன் வாங்குவோம். எங்கள் வீட்டில் யாருக்கும் பட்டம் இல்லை.

மச்சான் ஒருவன் மட்டும் மாமல்லபுரத்தில் மரபுச் சிற்பம் படித்தான். அவன் கை எங்கள் கையைவிட நல்ல கை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்கு தாலக் கணக்கு, அதாவது சிலைக்கான அளவு முறை, தெரியும், பிளான் பார்த்துப் படிக்கத் தெரியும், கூடப் படித்தவர்கள் ஊர் ஊருக்கு ஸ்தபதிகளாக இருக்கிறார்கள். கோயில் என்றால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் என்பது வழக்கம், தள்ளிப்போனாலும் வரும், கோபுரத்துக்கு சுதை வேலை, வர்ணம் எல்லாம் புதிதாகப் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் திருப்பரங்குன்றம் முடிந்தது, அடுத்து எங்கே என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். மீனாட்சி கோயிலில் வீர வசந்தராயர் மண்டபம் 2018ல் எரிந்த பிறகு நாமக்கல் பக்கமிருந்து கல் கொண்டுவந்துதான் தூண் செதுக்க ஆரம்பித்தார்கள், அந்த மாதிரி வேலைக்கு ஆள் போதாமல் தேடுகிறார்கள். நாங்கள் நாள் கூலி பேசுவோம். அவன் மொத்த வேலைக்கு இவ்வளவு என்று பேசுவான். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பெண் பிள்ளைக்குச் சாரத்தில் ஏறுகிற வேலை சரிவருமா என்று கேட்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊரில் பொம்மைக்குக் கண் வரைகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள்தான்.

திருநகர் தகப்பன்

எல்லோருக்கும் நன்றி. மேனேஜர் சார் சொன்ன மாதிரி அந்த வட்டி மானியத்தை எழுத்தில் கேட்டேன், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றவர் இன்னும் பேசவில்லை. 14 லட்சம் கதை முடிந்தது.

இப்போது வேறு சிக்கல். கரிக்கோல் தம்பி எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு விஸ்காம் வேண்டாமாம், வண்ணக்கலைதான் வேண்டுமாம். கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்கு பி.காமே படிக்கலாமே என்கிறாள். பதில் சொல்ல முடியவில்லை.

கரிக்கோல்

அண்ணே, நீங்கள் காசு பற்றிக் கேட்டதால் காசு பற்றியே சொல்கிறேன், வண்ணக்கலை என்றால் முதல் ஐந்து வருடம் அவள் வருமானத்தை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால் போதும் என்று இருங்கள். இதைத் தாங்க உங்கள் கடையால் முடியுமா என்பதுதான் கேள்வி, அவள் திறமை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. எழும்பூர் கல்லூரி 1850ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் ஆரம்பித்தது, ஆரம்ப காலத்திலேயே அங்கே கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966ல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, படம் விற்றுச் சாப்பிடலாம் என்று நம்பிப் போகவில்லை. மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாட்டிக் துணி மாதிரிக் கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள். அவளும் ஓவியத்தோடு விற்கக்கூடிய இன்னொரு வேலையைக் கையில் வைத்திருக்கட்டும்.

டிராயிங் டீச்சர்

நான் இதில் கரிக்கோலோடு ஒத்துப்போகமாட்டேன். பிடிக்காத துறையில் தள்ளினால் இரண்டாம் வருடம் பாதியில் வந்து நிற்பாள், அப்போது அந்த ஐந்து லட்சத்தில் பாதி போயே போச்சு. வண்ணக்கலையே எடுக்கட்டும். லோயர், ஹையர், டி.டி.சி. முடிக்கட்டும். கும்பகோணம் கிடைத்தால் சென்னையைவிடத் தங்கும் செலவு குறைவு, லீவுக்குத் தஞ்சாவூர் வழியாகப் பஸ்ஸிலேயே வந்து போகலாம். மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மிச்சமானால் நான்கு வருடத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாசி வீதி பிரிண்ட்

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிற பிள்ளையை லீவுக்கு என் கடைக்கு அனுப்புங்கள். சம்பளம் கொடுத்தே சொல்லித் தருகிறேன். பட்டம் வேண்டாம் என்று சொன்னேனே தவிர, வரையத் தெரிந்த ஆள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்து வரையத் தெரிந்த ஒருவர்கூட இப்போது கிடைப்பதில்லை.

திருநகர் தகப்பன்

சரி, சென்னை, கும்பகோணம் இரண்டுக்கும் போடப்போகிறாள். வண்ணக்கலை. என் வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் பாதி மனசுதான். நுழைவுத் தேர்வுக்கு என்ன தயார் பண்ண வேண்டும்? இதுவரை வரைந்ததெல்லாம் நடிகர், நடிகை முகம், போனில் படம் பார்த்து வரைந்தது. ஒரு கட்டு இருக்கிறது.

கரிக்கோல்

அந்தக் கட்டை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். போட்டோவைப் பார்த்து முகம் வரைந்த கை, எதிரே ஒரு பானையும் துணியும் வைத்தால் திணறும். நேரில் பார்த்து வரைய வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள், நாயக்கர் மகாலில் தூண்கள், உங்கள் கடையில் தொங்குகிற வயர் சுருள், எதுவானாலும். ஆள் அசைவதற்குள் வேகமாகப் போட வேண்டும், அழிரப்பரைக் கையில் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தோடு என்னென்ன கேட்கிறார்கள் என்பதை அந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், பழையதை நம்ப வேண்டாம்.

டிராயிங் டீச்சர்

பி.காம். விண்ணப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ இடம் கிடைத்தால் சேர்த்து வையுங்கள், கட்டணம் பெரிதாகப் போகாது, நுழைவுத் தேர்வு முடிவு வந்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளலாம். சேருமுன் எல்லாச் சான்றிதழையும் நான்கைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாதிச் சான்றிதழ் உட்பட. லோயர் கிரேடுக்கு அறிவிப்பு வந்தால் இந்த இழையிலேயே போடுகிறேன்.